பார்த்தும் பார்க்காதவள்

தெருவில் அவளுக்கு மகாராணி என்று பெயர். வைத்தவர்கள் பாசத்தில் வைக்கவில்லை. நேற்று மாலை கடையில் சிரிக்கச் சிரிக்கப் பேசிய ஆளை இன்று காலை எதிரில் கண்டால், மின்கம்பத்தைக் கண்டதுபோல் விலகிப் போய்விடுவாள். "தைக்கிறது கிழிசல், தலைக்கனம் மட்டும் மகாராணிக்கு" என்று எதிர்வீட்டுக்காரி சொன்னது ஒருநாள் அவள் காதிலேயே விழுந்தது.

அவள் வேலை துணி திருத்துவது. இடுப்பைப் பிடிப்பாள், விளிம்பை இறக்குவாள், ஜிப் மாற்றுவாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மிஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, ஒரு முக்காலி, அவ்வளவுதான் கடை. வந்து நிற்பவர் யாரென்று முகத்தை வைத்து அவளுக்குப் பிடிபடாது. குரல், நடை, செருப்பு, ஒரு பக்கம் இறங்கிய தோள் என்று எதையாவது பற்றிக்கொண்டு காலத்தை ஓட்டினாள். கண்ணும் மூக்கும் வாயும் தனித்தனியாக நன்றாகத் தெரியும். பார்வையை எடுத்ததும் எல்லாம் நீரில் எழுதிய எழுத்தாகிவிடும். தான் கொஞ்சம் மந்தம், மற்றவர்களுக்கு ஞாபகசக்தி அதிகம், அவ்வளவுதான் என்று நாற்பது வயது வரை நினைத்திருந்தாள்.

அந்த நினைப்பு தந்த அவமானங்களை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மகள் சிறுமியாக இருந்தபோது பள்ளி வாசலில் ஒரே சீருடைக் கூட்டத்தில் வேறொரு குழந்தையின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். அந்தக் குழந்தை வீறிட்டு அழுதது. அதற்குப்பின் சுவரோரம் நின்றுகொள்வாள்; மகளாக ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டால்தான் மூச்சு வரும்.

நாத்தனாரோடு பேச்சு நின்றதும் இதனால்தான். கணவனின் அக்கா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். ஒருநாள் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தில் இவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். இவள் யாரோ என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போறா. இனி அவ வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்" என்றாள் நாத்தனார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஓர் ஆராய்ச்சிக் கூடத்தின் லிஃப்டைப் பழுது பார்க்கப் போனவன், ஒரு செய்தியோடு வந்தான்.

"தலையில தொப்பி மாட்டி படம் காட்டுவாங்களாம். சும்மா உக்காந்திருந்தா போதும். வர்றியா?"

"சும்மா உக்காரச் சொன்னா எங்க வேணா வர்றேன்" என்றாள் அவள்.

ஆராய்ச்சி செய்யும் பெண் சின்ன வயது, பேச்சில் பணிவு. வயர்கள் தொங்கும் துணித்தொப்பியை அவள் தலையில் மாட்டி, முடியை விலக்கி விலக்கிப் பசை வைத்தாள்.

"கைரேகை மாதிரிதாங்க இதுவும். ஒரே படத்தைப் பார்த்தாலும் ஒவ்வொருத்தர் மூளையிலயும் அலை ஒவ்வொரு விதமா எழும்பும். அதை வச்சு இன்னார்னு ஆளை அடையாளம் சொல்ல முடியுமான்னு பார்க்கறோம்."

"நான் மனசுல என்ன நினைக்கிறேன்னு தெரிஞ்சிடுமா?"

"அதெல்லாம் தெரியாதுங்க."

"அப்ப சரி. இவரைப் பத்தி நினைக்கறது இவருக்குத் தெரியாம இருந்தா போதும்."

கணவன் சிரித்தான். வீட்டு மனிதர்களின் படங்களை அவன் ஏற்கெனவே கொடுத்திருந்தான். அவற்றில் முடி, காது, உடை எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, முகத்தை மட்டும் வைத்திருந்தார்கள். அறிமுகமில்லாத முகங்களுக்கு நடுவே அவை மாறி மாறி வரும். தெரிந்த முகம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும்.

முகங்கள் வந்தன, போயின. அவள் விரல் பொத்தான்மேல் கிடந்தது கிடந்தபடி. தன் பெண்ணின் முகம் இதற்குள் எங்கோ இருக்கிறது, பெற்றவளுக்குத் தெரியவில்லை என்ற எண்ணம் அவளை விடவில்லை.

"பொத்தான் வேலை செய்யலையாங்க?" என்று கேட்டாள் ஆராய்ச்சிப் பெண்.

பொய் சொல்லிவிடலாம், இத்தனை காலம் சொன்னதுதானே. ஆனால் கணவன் பக்கத்திலேயே நின்றான். அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "பொத்தான் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் யாரையும் தெரியலை."

அந்தப் பெண் கேலி செய்யவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டாள், பள்ளி வாசல், பேருந்து நிறுத்தம், தெருக்காரர்கள் என எல்லாம் வெளியே வந்தன.

"இது மந்தம் இல்லைங்க. சில பேருக்குப் பிறவியிலேயே முகம் பிடிபடாது. எங்க டாக்டர்கிட்ட பேசுங்க, அவர் சோதிச்சு உறுதியா சொல்வார். ஆனா இதைப் பாருங்க."

திரையில் இரண்டு கோடுகள். பலமுறை காட்டிய படங்களுக்கு மூளை தந்த பதில்களையெல்லாம் சேர்த்து வரைந்தவை. தெரியாதவர்களின் கோடு தாழ்ந்து ஓடியது. வீட்டு மனிதர்களின் கோடு ஓர் இடத்தில் மேடாக எழும்பியிருந்தது.

"உங்களுக்குத் தெரியலைன்னு சொல்றீங்க. உங்க மூளை எங்கேயோ ஓர் ஓரத்துல இவங்களை வேறயா வச்சிருக்கு. உங்க வீட்டுக்காரர், பொண்ணு, அப்புறம் இவங்க."

"இவங்க யாரு?"

கணவன்தான் சொன்னான். "அக்கா. வேற படம் கையில இல்லை, அதான் குடுத்தேன்."

அவள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்ணைத் தெரியாத தாய் அல்ல அவள். அது போதுமாக இருந்தது. அழுகை வந்ததற்கும் அதுதான் காரணம்.

மறுவாரம் வேறு படங்களைக் காட்டி, வெறும் அலையை மட்டும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்கள். சோதனைக்கு வந்திருந்த அத்தனை பேரிலும் இது அவள் அலைதான் என்று அது சரியாகச் சொன்னது. "நான் கண்டுபிடிக்காட்டியும் என்னைக் கண்டுபிடிக்க ஒரு ஆள் இருக்கு" என்றாள்.

டாக்டரும் சோதித்துப் பார்த்து, பிறவியிலேயே முகம் பிடிபடாத குறைதான் என்று உறுதி செய்தார். மருந்து இல்லை, ஆனால் மறைக்க வேண்டியதில்லை என்றார். மறுநாளே அவள் மருந்துக்கடைக்குப் போனாள். உள்ளே நாலைந்து பெண்கள், எல்லோருக்கும் ஒரே வெள்ளைக் கோட்டு. முன்பானால் அப்படியே திரும்பியிருப்பாள். இப்போது கண்ணில் பட்ட பெண்ணிடம் நேரே கேட்டாள்.

"எங்க நாத்தனார் இங்க வேலை பார்க்கறாங்க. எனக்கு முகம் பார்த்தா ஆள் தெரியாது. எங்க இருக்காங்கன்னு சொல்றீங்களா?"

எதிரில் நின்றவள் கையிலிருந்த மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்தாள். "என்ன, கிண்டலா?"

குரலைக் கேட்டதும்தான் இவளுக்கு ஆள் தெரிந்தது. "அக்கா..."

எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"இப்படியும் ஒரு கோளாறா? அப்ப என் தம்பியை எப்படித் தெரியுது?"

"நடையை வச்சு."

"அது சரி. அவன் வாத்து நடை யாருக்குத்தான் தெரியாது." சிரிப்பு முந்திக்கொண்டது; அதன் பின்னால்தான் கோபம் போனது. "இத்தனை வருஷமா இதை ஏன்டி சொல்லலை?"

"எனக்கே தெரியாதேக்கா."

ஆனாலும் நாத்தனாருக்குச் சந்தேகம் தீரவில்லை. அடுத்த வாரம் வாய் திறக்காமல் தையல் கடை வாசலில் வந்து நின்றாள். இவள் மிஷினை நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, "உள்ள வாங்க, என்ன திருத்தணும்?" என்றாள். அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு அந்நியமாகக் கேட்டதில் நாத்தனாரின் கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து நாத்தனார் வரும்போது தெருமுனையிலேயே குரல் கொடுத்துவிடுகிறாள். "நான்தான்டி, உன் நாத்தனார் வர்றேன்." மூன்றாம் மாடியில் தூங்குகிறவனுக்கும் கேட்கும். எதிர்வீட்டுக்காரிக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. காரணம் தெரிந்தபின் அவளும் பால் வாங்கப் போகிற வழியில், "எதிர்வீட்டுக்காரி போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கடையைக் கடக்கிறாள்.