நாலு மணிக்குக் கழற்றும் மாஸ்க்

தொண்ணூறுகளில் ஒருமுறை நிமோனியா வந்து, அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியின் பொது வார்டில் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் எலும்பு துருத்திய தோளும் அடர்ந்த மீசையுமாக ஒருவர். நுரையீரல் பழுதாகி, சாதாரணக் காற்று போதாமல், ஆக்ஸிஜன் மாஸ்க்கோடுதான் இருந்தார்.

மாலை நாலு மணிக்குப் பார்வையாளர்களை உள்ளே விடுவார்கள். மணியடித்ததும் அவர் மாஸ்க்கைக் கழற்றித் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு, தலைவாரிக்கொண்டு வாசலையே பார்த்தபடி உட்காருவார். கொஞ்ச நேரத்தில் உதடு நீலம் பாரிக்கும். யாரும் வரமாட்டார்கள். கடைசியில் நர்ஸ் வந்து திட்டிக்கொண்டே மாட்டிவிடுவார். உதட்டில் மெல்லச் சிவப்பு திரும்பும்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "மூச்சு முட்ட முட்ட யாருக்காக இந்த வேஷம்?" என்று கேட்டேன்.

"என் பொண்ணு பயந்த சுபாவம் நைனா. இத்த மாட்டிக்கினு கீறத பாத்தா அழுதுடும்."

நான் வீடு திரும்பிய மறுநாள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். நர்ஸ் ஏற்கெனவே மாஸ்க்கை மாட்டிவிட்டுப் போயிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, மறுபடி கழற்றினார்.

"ஐயோ, போட்டுக்குங்க. நான்தானே!"

"நீயும் என்னைப் பாக்க வந்தவன்தானே? குந்து நைனா."

என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த விரல்களின் நகங்கள் நீலமாகிக்கொண்டிருந்தன. நான் எழுந்து போனால் அவருக்கு மூச்சு கிடைக்கும் என்று தெரிந்தது. அந்தக் கையை விட்டு எப்படி எழுந்திருப்பது என்றுதான் தெரியவில்லை.