பெண்கள் வரிசையில் எனக்கும் ஓர் இடம்

பதினான்கு வயதில் மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வாளி தூக்கியவன் நான். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஒற்றை லோரியில் தொழில் தொடங்கி ஆறு லோரிக்குச் சொந்தக்காரன் ஆனேன். இந்த உடம்புக்கு எதற்குத் தேகப்பயிற்சி?

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதம். மகன் ஜிம்மில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இரும்பு தூக்குவான். வீட்டு அரிசி மூட்டையை மருமகள்தான் தூக்குவாள். பிள்ளை தூங்கினால்தான் அவளுக்குக் கைப்பேசியில் பயிற்சி பார்த்துக் குதிக்க நேரம். என் மனைவி காலையில் புக்கிட் பெருவாங் திடலில் பெண்களோடு சேர்ந்து பாட்டுக்கு உடற்பயிற்சி செய்வாள். அதே திடலில் நானும் கூட்டாளிகளும் நடப்போம்.

போன வருடம் கிளினிக் டாக்டர் சொன்னார்: "மூணு மாசத்துல ரத்தத்துல இனிப்பு இறங்கலன்னா, தினமும் ஊசிதான் ஐயா."

எந்த முதலாளிக்கும் பயப்படாதவன் நான். ஊசி என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வேன்.

"தினமும் நடக்குறேனே டாக்டர்!"

"எங்க நடக்குறாருன்னு கேளுங்க," என்றாள் மனைவி.

உண்மைதான். ஆண்களின் நடை ஒரே சுற்று. பிறகு கால்கள் தாமாக எதிர்க்கடைக்குப் போய்விடும். ஆளுக்கு இரண்டு ரொட்டி சானாய், தே தாரிக், அரசியல். தேநீரில் சீனியைக் குறைக்கச் சொல்வதையே பெரிய தியாகமாக நினைத்தோம். பெண்களோ ஒரு மணி நேரம் வியர்த்து, தண்ணீர் குடித்து, சமைக்கப் போய்விடுவார்கள்.

மறுநாள் பெண்களின் கடைசி வரிசையில் போய் நின்றேன்.

"அங்கிள், கடை அந்தப் பக்கம் லா!" என்றாள் ஒருத்தி. கூட்டமே சிரித்தது.

கடையிலிருந்து கூட்டாளி ஒருவன் கத்தினான்: "தலைவரே, சேலை கட்டலயா?"

இரண்டாம் பாட்டிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. பக்கத்தில் என்னைவிட மூத்த அம்மா ஒருவர் அசராமல் கை வீசிக்கொண்டிருந்தார். விடுவேனா? மூன்றாம் பாட்டையும் முடித்தேன். மழை நாள் தவிர மூன்று மாதமும் விடவில்லை. ரொட்டி ஞாயிறு மட்டும், அதுவும் ஒன்று.

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். "நல்லா இறங்கியிருக்கு. ஊசி வேணாம். என்ன செஞ்சீங்க?"

"பொம்பளைங்களோட ஆடுனாரு டாக்டர்," என்றாள் மனைவி.

அந்தத் தாளோடு நேராகக் கடைக்குப் போய்க் கூட்டாளிகளிடம் நீட்டினேன். சேலை கேட்டவன் இரண்டு முறை படித்தான். பிறகு இரண்டாவது ரொட்டியை மெல்லத் தள்ளி வைத்தான்.

மறுநாள் காலை என் பக்கத்தில் வந்து நின்றான்.

"எந்தக் கைய முதல்ல தூக்கணும்?"

நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.