குழாய்க்குள் இருந்த மூக்கு

சுண்டுவிரல் அளவுதான் அந்தக் குழாய். அடியில் ஒரு துளி தெளிந்த நீர். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் என் மாப்பிள்ளை நடத்தும் ஆராய்ச்சிக்கூடத்தில், குளிர் புகைகிற பெட்டியிலிருந்து அதைக் கையுறை போட்ட விரலால் எடுத்துக் காட்டினார். "மாமா, வாசனையைப் புடிக்கறதுக்கு நம்ம மூக்குல புரதம் இருக்குதுங்க. அதுல ஒண்ணு இது. மனுசனோட மரபணுவைக் கிருமிக்குள்ள வெச்சு வளத்து எடுத்ததுங்க" என்றார். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மூக்கை இப்போது குழாயில் செய்கிறார்கள் என்பது மட்டும் விளங்கியது.

சேலம் வெல்ல மண்டியில் என் மூக்கை அறியாதவர் கிடையாது. ஓமலூரிலிருந்து தலைச்சுமையாக வெல்லம் கொண்டுவந்து விற்றவன், யார் தயவும் இல்லாமல் சொந்த மண்டி வைத்தேன். மூட்டையைப் பிரித்து, ஓர் உருண்டையை உடைத்து முகர்ந்து 'எடு' என்றால் எடுப்பார்கள். 'தள்ளு' என்றால் வெளுப்பு மருந்து போட்ட சரக்கு. அதற்கு மறுபேச்சு இல்லை. அதனால்தான் மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். செவ்வாய்தோறும் போய்க் காகிதப் பட்டைகளை முகர்ந்து, என்ன வாசனை என்று சொல்வேன். நான் சொல்வதையும் புரதம் காட்டுவதையும் அவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். குழாயில் இருப்பது என் மூக்குதான் என்று மண்டி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மாப்பிள்ளை மறுக்கவில்லை, சிரித்தார்.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு முந்தின வருடம் வந்த காய்ச்சலில் என் மூக்கு செத்துவிட்டது. மல்லிகையும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றுதான். ஆனால் நாற்பது வருடம் வெல்லம் உடைத்த கை இது. நிறம், உடையும் சத்தம், நாக்கில் வைத்தால் தெரிகிற உப்பு, இவையே எனக்குப் போதும். முகர்வது பார்க்கிறவர்களுக்காக. பட்டைகளையும் அப்படித்தான், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொன்னேன்.

ஒரு நாள் இரண்டு வியாபாரிகளை அழைத்துக்கொண்டு பெருமையாக அங்கே போனேன். மாப்பிள்ளை வெளியே போயிருந்தார். "என் மூக்கை எடுத்துக் காட்டு சாமி" என்று அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் சொன்னேன். "இது உங்களோடது இல்லீங்களே ஐயா. பட்டியல் பாத்து வெளிய வாங்குன மரபணுங்க" என்றவள், உதவி செய்வதாக நினைத்து நோட்டை விரித்தாள். "உங்களுக்குக் குடுத்த பட்டையில பாதி வெறும் தண்ணிங்க. சார்தான் அப்பிடிக் குடுத்துப் பாக்கச் சொன்னாரு." தண்ணீருக்கு நேரே, நான் சொன்னபடியே, ஏலக்காய், கந்தகம், நெய் என்று வரிசையாக எழுதியிருந்தது.

"தண்ணியிலயே நெய் எடுத்திருக்கீங்களே அண்ணா!" என்றார் ஒருவர். மற்றவர் இருமி, சிரிப்பை விழுங்கினார்.

வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டேன். அழுதாள். என் மூக்கு போனது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு வருடமாக, நான் 'எடு' என்று சொல்லிவிட்டு நகர்ந்ததும், ஒவ்வொரு சரக்கிலும் ஒரு துண்டை மண்டி மேஸ்திரி ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறான். அங்கிருந்து பதில் வந்த பிறகுதான் மூட்டையை ஏற்றியிருக்கிறார்கள். என் சொல்லுக்காக வாழ்ந்தவன் நான். என் மண்டியிலேயே, என் முதுகுக்குப் பின்னால், அதன் மேல் இன்னொரு சொல்லை உட்காரவைத்துவிட்டார்கள்.

மாலையில் மாப்பிள்ளை வந்தார்.

"ஏனுங்க மாப்ளே, மூக்கு போனது தெரியும்னு எங்கிட்டயே சொல்லக்கூடாதுங்களா?"

"சொன்னா மண்டிக்குப் போறதையே உட்டுருவீங்கன்னு உங்க பொண்ணு பயந்துருச்சுங்க மாமா."

நானும் அவரிடம் மறைத்தவன்தான். அந்த மட்டில் எங்களுக்குள் சரிக்குச் சரி. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஒரு வருசம் துண்டு அனுப்புனாங்களே. நான் எடுன்னு சொன்னதுல ஒண்ணாச்சும் தப்பாப் போச்சுங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். "இல்லீங்க."

"அந்த நோட்டைக் கொண்டாங்க, பாக்கலாம்."

"அதுக்கு நோட்டுப் போடலீங்க மாமா."

இப்போதும் மண்டிக்குப் போகிறேன். வெல்லத்தை உடைக்கிறேன், மூக்கருகே கொண்டுபோவதில்லை. ஃபேர்லேண்ட்ஸுக்குப் போகிற துண்டை மேஸ்திரி கையில் விடாமல், நானே காகிதத்தில் மடித்து, மேலே என் கோணல் எழுத்தில் 'எடு' என்று எழுதி அனுப்புகிறேன். பதிலையும் அதே காகிதத்தில் எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.