ஈர்க்குக் குச்சியால் அளந்த டீசல்

நாடே எண்ணெய்க்கு வரிசையில் நின்ற வருடம் அது. கலஹாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் ஊரில் இருந்து கண்டிக்குப் போகும் வழியில் இது நடந்தது. இன்றும் அந்த வளைவைத் தாண்டும்போது என் கால் தானாகவே பிரேக்கைத் தேடும்.

எங்களிடம் ஒரு பழைய டீசல் ஜீப் இருக்கிறது. என் கணவர் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் மரக்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பேராதனை வரை போய் வருவேன். பொம்பிளை ஜீப் ஓட்டுகிறாள் என்று கடைத்தெருவில் சிரித்தவர்கள் உண்டு. ஒரு மாதத்தில் அவர்களே மூட்டையைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

எங்கள் வீட்டுக்கு மேலே, மேட்டில், ஒரு முஸ்லிம் தையல்காரர் குடும்பம் இருக்கிறது. அவர்கள் வழக்கப்படி, அண்ணன் முறையில் அவரை நானா என்றும் அக்கா முறையில் அவர் மனைவியை ராத்தா என்றும் கூப்பிடுவேன். என் பிள்ளைகளின் பாடசாலை உடுப்பெல்லாம் அவர் மெஷினில் தைத்தவைதான். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரத்தில் இரண்டு நாள் கண்டி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. ஒரு நாள் தவறினாலும் கால் வீங்கி, மூச்சு முட்டும். மண்சரிவில் எங்கள் பாதையின் மேல்பகுதி உடைந்து, கல்லும் பள்ளமுமாகக் கிடந்தது. த்ரீவீலர் ஏறாது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி ஊரில் என்னுடையது ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்து டீசலுக்குப் பங்கீடு வந்தது. கைத்தொலைபேசியில் கியூஆர் கோட்டைக் காட்டினால், வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து ஊற்றினார்கள். என் ஜீப் குடிக்கிற குடிக்கு அது கண்டிக்கு ஒன்றரைத் தடவை போய்வரத்தான் காணும். அரைத் தடவை போய் நான் என்ன செய்வது?

"வாரத்துக்கு ஒருக்கா போனாப் போதும் தங்கச்சி. மத்ததை அல்லாஹ் பாத்துக்குவான்" என்றார் நானா.

"அந்தக் கதையே வேணாம் நானா. ரெண்டு நாளும் போறோம்" என்றேன்.

வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பிறகு பின்வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை. மரக்கறி ஏற்றுவதை நிறுத்தினேன். விளக்குமாற்றிலிருந்து நல்ல நேரான ஈர்க்கு ஒன்றை உருவி, அதில் பிளேடால் கோடு கோடாகக் கீறிக்கொண்டேன். சீட்டுக்குக் கீழே இருந்த டீசல் தாங்கியில் அதை விட்டு எடுத்து, நனைந்த இடம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று காலையும் மாலையும் பார்ப்பேன். ராத்தா கூட, "சோத்துக்கு அரிசி அளக்கக்கூட நீங்க இவ்வளவு பாக்க மாட்டீங்களே" என்று கிண்டல் பண்ணுவார்.

எவ்வளவு பார்த்தும் வாரத்தின் இரண்டு பயணத்துக்கும் மூன்று கோடு டீசல் குறைந்தது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கலஹாவிலிருந்து பேராதனைக்குப் பாதை பெரும்பாலும் இறக்கம். இஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைச் சும்மா உருட்டி விட்டால் என்ன? எங்கள் மலைப்பக்கத்தில் அந்த நாட்களில் பலரும் செய்ததுதான். நான் மட்டும் செய்யக்கூடாதா? இறக்கம் வந்ததும் கியரை நியூட்ரலில் தள்ளி, சாவியைத் திருப்பி விடுவேன்; வளைவுகள் அடுத்தடுத்து வரும் இடத்தில் மட்டும் திரும்ப ஸ்டார்ட் செய்வேன். சத்தம் அடங்கி, டயர் உருளும் ஒலி மட்டும் கேட்கும். ஒவ்வொரு முறையும் எனக்குள் ஒரு சந்தோஷம். வரிசையில் நிற்கிற எல்லாரையும்விட நான் கெட்டிக்காரி என்று நினைப்பு. பின்சீட்டில் நானாவும் ராத்தாவும் பேசாமல் இருப்பார்கள். களைப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

ஏறக்குறைய மூன்று மாதம் இப்படியே ஓடியது. மரக்கறி ஓட்டத்துக்கென்று முன்பே வாங்கி வைத்திருந்த கேன்களிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன், ஆனாலும் உருட்டல்தான் கைகொடுக்கிறது என்று நினைத்தேன். ஒரு நாளும் தவறவில்லை.

அன்று காலை நல்ல மழை. நானாவுக்கு எட்டு மணிக்கு டயாலிசிஸ் மெஷின். வழக்கம்போல் இஞ்சினை நிறுத்தி உருட்டிக்கொண்டு வந்தேன்; அவசரத்தில் வளைவுகள் வந்தும் ஸ்டார்ட் செய்யவில்லை. ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன், பிடித்தது. அடுத்த வளைவிலும் பிடித்தது. மூன்றாவது வளைவில் எதிரே ஒரு பஸ் பாதையை அடைத்துக்கொண்டு ஏறி வந்தது. மிதித்தேன். மிதி கல்லாகக் கிடந்தது. இரண்டு காலையும் சேர்த்து ஊன்றியும் அசையவில்லை. கியரைத் தள்ளினேன். பல் கறகறவென்று கத்தியதே தவிர விழவில்லை. பஸ்ஸின் ஹோர்ன் காதைப் பிளந்தது. இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் மண் மேடும் அதன் அடியில் தண்ணீர் ஓடும் கானும். கைபிரேக்கை இழுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே வெட்டி, மேட்டுப் பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தேன்.

முன்சக்கரம் கானுக்குள் விழுந்து, ஜீப் மேட்டை உரசிக்கொண்டு நின்றது. பஸ்ஸுக்கும் எங்களுக்கும் இடையில் ஓர் ஆள் நிற்கலாம், அவ்வளவுதான் இடம். பின்னால் ராத்தா அழுதுகொண்டிருந்தார். நானாவின் தொப்பி என் மடியில் வந்து விழுந்திருந்தது. யாருக்கும் காயமில்லை.

பஸ் டிரைவர் இறங்கி ஓடி வந்தார். சிங்களக்காரர், தங்கச்சி என்பதை நங்கி என்றாலும் எங்கள் பக்கத்துத் தமிழ் பேசினார். "என்ன நங்கி, பிரேக் போயிருச்சா?"

"ஆமா" என்றேன். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

பஸ்ஸில் வந்த ஆட்கள் எல்லாரும் இறங்கி மழையில் நனைந்தபடி தள்ளினார்கள். நான் இஞ்சினை ஸ்டார்ட் செய்தேன்; நாலு சக்கரமும் இழுக்க, ஜீப் கானிலிருந்து ஏறிவிட்டது. டிரைவர் உள்ளே ஏறி உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருந்த இஞ்சினோடு பிரேக்கை நான்கைந்து முறை மிதித்துப் பார்த்தார். அது நன்றாகவே வேலை செய்தது. அவர் சாவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கும் முன் நானா பின்னாலிருந்து சொன்னார்: "பழைய வண்டி தம்பி. இடைக்கிடை இப்படித்தான் செய்யும்."

டிரைவர் இறங்கிப் போனார். நான் கியரிலேயே ஊர்ந்து, எட்டரைக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன். தாதி முணுமுணுத்தாலும் நானாவை மெஷினில் போட்டுவிட்டார். பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"எனக்காக ஏன் நானா பொய் சொன்னீங்க?"

அவர் மெஷினில் ஓடுகிற தன் இரத்தத்தைப் பார்த்தபடி சொன்னார்: "இஞ்சின் சத்தம் நிக்கிற ஒவ்வொரு தரமும் நான் சாகப் போற நேரத்துல ஓதுற கலிமாவ ஓதிக்கொண்டுதான் வந்தேன் தங்கச்சி. ஒங்கட ராத்தா என்ட கையப் புடிச்சிக்கொண்டு கண்ண மூடிக்குவா."

"இத்தன நாளா ஒரு வார்த்த சொல்லலியே?"

"எப்படிச் செல்ற? எனக்காகத்தானே டீசல மிச்சம் புடிக்கிறீங்க. நான் குறை சென்னா நீங்க கோவிச்சிக்குவீங்க. அதுக்குப் பொறகு எனக்கு வேற வண்டி ஈக்கா?"

நான் எழுந்து வெளியே போய், யாருக்கும் தெரியாமல் அழுதேன். அவரைக் காப்பாற்றுகிறேன் என்ற பெருமையில் மூன்று மாதமாக வாரத்துக்கு இரண்டு தடவை அவரைச் சாகடித்திருக்கிறேன்.

அன்றே, நானா மெஷினில் இருந்த நேரத்தில், கண்டியில் ஒரு கராஜுக்கு ஜீப்பைக் கொண்டுபோய், மெக்கானிக்கிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. இஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்குப் பலம், நின்றால் ஒன்றிரண்டு மிதிதான் தாங்கும் என்றார். இன்னொன்றும் சொன்னார். இறக்கத்தில் கியரில் போட்டு, அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் இஞ்சினுக்கு டீசல் ஏறக்குறைய போகவே போகாதாம். நான் நம்பவில்லை. அடுத்த பயணத்தில் அப்படியே இறங்கி, ஈர்க்கை விட்டுப் பார்த்தேன். உருட்டிய நாட்களில் நின்ற அதே கோட்டில்தான் நனைந்த இடம் நின்றது. மூன்று உயிரைப் பணயம் வைத்து நான் சேமித்தது ஒரு தேத்தண்ணீர்க் கோப்பையளவு கூட இல்லை.

டீசல் போன வழி வேறு. கூரைமேல் சும்மா கிடந்த இரும்புச் சட்டம், காற்றுக் குறைந்த டயர்கள், கணவர் சொன்னார் என்று தார் ரோட்டிலும் எடுக்காமல் விட்டிருந்த, நாலு சக்கரமும் சேர்ந்து இழுப்பதற்கான முன்சக்கரப் பூட்டு. சட்டத்தைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குப் போட்டேன். டயருக்குக் காற்றடித்தேன். பூட்டை, மழையென்றாலும் இறங்கி நின்று, கல்ரோட்டில் மட்டும் போட்டேன். கேன்களும் காலியாகிவிட்டதால், அப்படியும் ஒரு கோடு குறைந்தது. அதற்கு ஊரில் சின்ன லொறி வைத்திருந்தவரிடம் போய், நடந்ததையெல்லாம் சொல்லி, போத்தல் கணக்கில் கேட்டு வாங்கினேன். கேட்பதற்குத் தலைக்கனம் இடம் தராமல் இருந்ததும் அன்றைக்குத்தான் விளங்கியது. பங்கீடு முடியும்வரை நானா ஒரு நாளும் தவறவில்லை.

இப்போது டீசல் தாராளமாகக் கிடைக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் இன்னமும் போகிறோம். ஒவ்வோர் இறக்கத்திலும் நான் கண்ணாடியில் அவரைப் பார்த்து, "பயமா இருக்கா நானா?" என்று கேட்பேன். முதலில் கூச்சப்பட்டார். இப்போதோ மெதுவாகப் போ, வளைவில் ஹோர்ன் அடி, அந்த லொறிக்குப் பின்னால் ஒட்டாதே என்று கண்டி வரும்வரை ஓயாத குறைதான். என் வண்டியில் அவர் பயமில்லாமல் என்னைத் திட்டுகிற அந்தச் சத்தம் கேட்கிறவரைக்கும்தான் நான் அவருக்குச் செய்வது உதவி என்று எனக்குத் தெரியும்.