காத்திருக்கும் பாட்டு

லென்ஸ் இயந்திரத்தில் உராய்ந்துகொண்டிருக்கும்போது அவர் உதடு அசையும். ஒன்றிலிருந்து எட்டு வரை, மறுபடியும் ஒன்று. இடது கை விரல்கள் மேஜை விளிம்பில் தட்டிக்கொண்டே இருக்கும். மந்திரம் சொல்கிறாரோ என்று நினைத்தேன். “மந்திரம் எல்லாம் இல்லீங்க. எட்டுல வெட்டணும். ஒம்பதுக்குப் போனா பாட்டு நொண்டும்” என்றார், என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தபடி.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற பெண்மணி அவர். வயது ஐம்பத்து நான்கு. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், “எங்க அக்காவைச் சமாளிக்கவே ஒரு ஆயுசு பத்தலை” என்பார். அக்கா எட்டு வயது மூத்தவர். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபது வருடங்களாக அக்காவும் தங்கையும் சேர்ந்து பாடிவந்தார்கள். பிறந்தநாள், பணி ஓய்வு விழா, எங்காவது ஒரு மண்டபம். முதல் குரல் அக்கா. இரண்டாம் குரலும், பென் டிரைவிலிருந்து பின்னணி இசையைப் போட்டுவிடுகிற வேலையும் இவருக்கு.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு விழாவில், இரண்டாவது சரணம் அக்காவுக்கு வரவில்லை. வாய் திறந்தபடி நின்றார். பின்னணி இசை நிற்கவில்லை. சரணத்தைத் தாண்டி, முடிவிசையையும் வாசித்துவிட்டு ஓய்ந்தது. கூட்டம் கை தட்டியது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “பாட்டு என்னை விட்டுட்டுப் போயிடுச்சுடி.”

மருத்துவர் மறதி நோய் என்றார். இனி கூடிக்கொண்டுதான் போகும் என்றார். இவர்களுடைய அண்ணன் வந்து, “போதும், மானத்தை வாங்காதீங்க” என்று கத்திவிட்டுப் போனார். அக்கா மட்டும் கேட்டார்: “பாடாம வீட்டுல உக்காந்து எதை ஞாபகம் வெச்சுக்கப் போறேன்?”

வழி கடைக்கே வந்தது. கண்ணாடி மாற்ற வந்த ஒலியமைப்பாளர் ஒருவர், மேடையில் பயன்படுத்துகிற ஒரு மென்பொருளைப் பற்றிச் சொன்னார். பாட்டின் இசையை எட்டெட்டுத் தாள அடிகள் கொண்ட துண்டுகளாக வெட்டித் திரையில் பெட்டிகளாக அடுக்கிவிடலாம். அந்தத் துண்டுக்குப் பெயர் லூப். ஒரு பெட்டியை அழுத்தினால், அடுத்ததை அழுத்தும்வரை அந்தத் துண்டே சுற்றிச் சுற்றி வரும்.

“அப்போ அது காத்திருக்குமா?”

“எவ்வளவு நேரம் வேணும்னாலும்.”

அந்த வாரமே பழைய மடிக்கணினி ஒன்று வீட்டுக்கு வந்தது. முதல் நாள் எல்லாப் பெட்டிகளும் ஒரே சமயத்தில் அலறின. “சந்தைக்கடை தோத்துது போங்க.” அடுத்து, லூப் ஒவ்வொரு சுற்றிலும் கல் தடுக்கியதுபோல் இடறியது. வெட்டுகிற இடம் மயிரிழை தள்ளிப்போயிருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பத்து நாள் ஆயிற்று. லென்ஸின் விளிம்பைப் பார்க்கிற கண்ணால் திரையிலிருந்த ஒலி அலையைப் பார்த்து வெட்டினார். நொண்டல் நின்றது. முன்கூட்டியே அழுத்திவிட்டாலும், சுற்று முடிந்து முதல் அடி வரும்போதுதான் அடுத்த துண்டு தொடங்கும் என்று தெரிந்த அன்று வாய்விட்டுச் சிரித்தாராம். “எங்க குடும்பத்துல பொறுமை இருக்கறது அது ஒண்ணுக்குத்தான்.”

ஒன்றரை வருடம் அப்படி ஓடியது. மேடையில் இவர் திரையைப் பார்ப்பதே இல்லை. அக்காவின் தொண்டையைப் பார்ப்பார். வரி கிடைத்துவிட்டால் அக்காவின் மோவாய் லேசாக உயரும். அந்த நொடியில் விரல் பெட்டியை அழுத்தும். கிடைக்காவிட்டால் நான்கு சுற்று, ஆறு சுற்று, இசை அங்கேயே நடை போடும். கூட்டத்துக்கு வித்தியாசமே தெரியாது. ஒருவர், இசையைக் கோத்திருக்கிற விதத்துக்கு, அரேஞ்ச்மென்ட் பிரமாதம் என்று பாராட்டிவிட்டுப் போனார். “நான் மறந்தா அதுக்குப் பேரு அரேஞ்ச்மென்ட்டாம்டி!” என்று அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு சுற்றுகள் கூடின. பாட்டுகள் குறைந்தன. ஆறு பாட்டு மூன்றாயிற்று, மூன்று ஒன்றாயிற்று. அந்த ஒன்றையும் இவர் தினமும் காலையில் அக்காவுக்குத் தலை வாரும்போது பாடிக் காட்டுவார். கேட்டால், “வாரிவிடற நேரம் வீணாப் போகுதேன்னு” என்பார்.

போன மாதம் ஒரு நூலக ஆண்டு விழா. மதிய நேரம், முப்பது பேர் இருக்கலாம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். லூப் தொடங்கியது. அக்கா மைக்கின் முன் நேராக, அழகாக நின்றார். ஐந்து சுற்று, பத்து சுற்று. மோவாய் உயரவில்லை. யாரோ இருமினார்கள். இவர் விரல் பெட்டிக்கு மேலே அப்படியே நின்றது. பதினேழு வரை எண்ணினேன்; அதற்கு மேல் எண்ணத் தோன்றவில்லை.

அக்கா மெல்லத் திரும்பி, மடிக்கணினிக்குப் பின்னால் நின்றிருந்தவரைப் பார்த்துப் புன்னகைத்தார். வாழ்நாள் முழுக்க ‘வாடி’, ‘போடி’ என்று அழைத்த தங்கையிடம், முன்பின் தெரியாதவரிடம் கேட்பதுபோல் மரியாதையாகக் கேட்டார்:

“நீங்க பாடுவீங்களா?”

இசை சுற்றிக்கொண்டிருந்தது. இவர் கண்ணைத் துடைக்கவில்லை.

“பாடுவேங்க” என்றார்.

அக்காவைக் கைப்பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு மைக் கம்பியின் திருகைத் தளர்த்தி, அக்காவின் உயரத்தில் இருந்ததை நான்கு விரற்கடை கீழே இறக்கி, முறுக்கினார்.