அட்டையிலுள்ள வயது

"வெள்ளம் ஊருக்குள்ள வந்தப்ப உங்களுக்கு என்ன வயசு தாயே?" ரப்பர் பட்டையைக் கிழவியின் முழங்கைக்கு மேலே இறுக்கிக்கொண்டே எவாரிஸ்தோ கேட்டார்.

பராகுவே ஆற்றங்கரையில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாக ரத்தம் எடுப்பவர் அவர். நரம்பு கிடைக்காவிட்டால் நரம்போடுதான் சண்டை: "ஒளிஞ்சா விட்டுருவேனா? வெளிய வாடி!" ஒருவர் எழுந்து அடுத்தவர் உட்காருவதற்குள் தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீரை ஒரு வாய் உறிஞ்சுவார். கிழடுகளின் அடையாள அட்டையை மட்டும் சத்தியமாக நம்பமாட்டார்.

காரணம் இருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு பிள்ளை செத்தால், அடுத்த பிள்ளைக்கு அதே பெயர், அதே பிறப்புச் சான்று. பதிவு ஆபீசுக்கு மாட்டுவண்டியில் ஒரு நாள் பயணம். மறுபடி எவன் போவான்?

மற்ற சோதனைகளுக்கு வயது பிசகினால் பெரிய மோசமில்லை. இதயம் ஓய்ந்துவிட்டதா என்று ரத்தத்தில் பார்க்கும் சோதனைக்கு வயதுதான் அளவுகோல். எழுபத்தைந்து வரைக்கும் தொள்ளாயிரத்தைத் தாண்டினாலே ஆபத்து. அதற்கு மேற்பட்டவர்களுக்கு ஆயிரத்தெண்ணூறு வரை பொறுத்துப் பார்ப்பார்கள்.

"இருபத்தொம்பது," என்றாள் கிரெசென்சியா, மூச்சு வாங்க. "கடைக்குட்டி வயித்துல. கூரை மேல உக்காந்திருந்தேன்."

வெள்ளம் வந்து நாற்பது வருடம். அட்டையிலோ எழுபத்தேழு.

"இது யாரு அட்டை?"

"அக்காவோடது. நான் பொறக்குமுன்ன செத்துட்டா. அவளும் கிரெசென்சியாதான்."

முடிவு வந்தது: ஆயிரத்து நானூறு. தலைநகரிலிருந்து புதிதாக வந்திருந்த டாக்டர் மபேல் தாளைத் தள்ளி வைத்தார். "எழுபத்தேழு வயசுக்கு இது பெரிசில்ல. நெஞ்சுச் சளியாத்தான் இருக்கும்."

"அவங்களுக்கு அறுபத்தொம்பதுதான் டாக்டரம்மா! காலை அமுக்கிப் பாருங்க, குழி விழுது. உக்காந்தேதான் தூங்குறாங்களாம்."

"ரத்தம் எடுக்கறது உங்க வேலை, ஐயா. வயசை அவங்க சொல்லட்டும்."

கிழவி அட்டையை மார்போடு அழுத்திக்கொண்டாள். கண்ணாலேயே கெஞ்சினார் எவாரிஸ்தோ.

"அட்டையில இருக்கிறதுதான் டாக்டரம்மா," என்றாள்.

கிழவி இருமல் மருந்துச் சீட்டோடு வெளியே வந்ததும் எவாரிஸ்தோவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா இப்படிப் பண்ணுனீங்க? உசுரு போற விஷயம்!"

"அட்டையில இருக்கிறவ நானில்லேன்னா, எம் புருசன் கட்டினது யாரை? பிள்ளைங்க காயிதத்துல ஆத்தான்னு இருக்கிறது யாரு? நான் சாகப்போற நேரத்துல அதையெல்லாம் கெளறணுமா?"

அவர் திரும்பி உள்ளே ஓடி மறுபடியும் டாக்டரிடம் மன்றாடினார். டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்து பார்த்தால், கிழவி பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். பத்து அடிக்கொரு தரம் நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

எவாரிஸ்தோ தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டார். "எங்க போறீரு? நாங்க சோறு தண்ணியில்லாம நிக்கிறோம்!" என்று வரிசை கத்தியது. அவர் காதில் வாங்காமல் அவளுக்குப் பின்னாலேயே போனார். அவள் நின்ற இடத்திலெல்லாம் முக்காலியைக் கீழே வைத்தார்.