பல்வலி என்று சொல்லிவிட்டுப் போனேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆவணி மாதம். தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து கலக்கும் அறையில் நானும் என் மச்சினனும் ஜோடியாக வேலை பார்த்தோம். மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. அந்த அறைக்குள் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் வர மாட்டார்கள். ஒருவன் கை தவறினால் இன்னொருவனும் சேர்ந்துதான் போவான்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் விபத்து. சத்தம் கேட்டு முதலில் ஓடியவர்களில் நானும் ஒருவன். அங்கே என்ன பார்த்தேன் என்று எழுத மாட்டேன். அன்றிலிருந்து வீட்டில் குக்கர் விசில் அடித்தால் நான் தெருவில் நிற்பேன். தூக்கம் போனது, சோறு இறங்கவில்லை. கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார்கள். "ஒரு குவார்ட்டரப் போட்டுப் படுலே, எல்லாஞ் சரியாப் போகும்" என்றார்கள் கூட்டாளிகள். போட்டேன். ஒன்றும் சரியாகவில்லை. கையும் நடுங்க ஆரம்பித்ததுதான் மிச்சம்.

ஒரு நாள் காலையில் மருந்தைச் சலித்துக்கொண்டிருந்தேன். சல்லடை என் கையில் தடதடவென்று ஆடியது. எங்கள் தொழிலில் மருந்து லேசாக உரசினாலே போதும், கதை முடிந்தது. மச்சினன் என் இரண்டு மணிக்கட்டையும் இறுக்கிப் பிடித்தான். சல்லடையை மெல்ல வாங்கிக் கீழே வைத்தான். என்னை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனான்.

"மச்சான், கோவிச்சுக்கிடாதீக. உங்க கூட உள்ள உக்கார எனக்குப் பயமா இருக்கு" என்றான்.

சுருக்கென்றது. அந்த அறையில் அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவனே நான்தான். நான் சாவது இருக்கட்டும், இவனையும் கொன்றுவிடுவேனே என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாளைக்கு லீவு வேண்டும் என்று போர்மேனிடம் போய் நின்றேன். மனநல டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பல்வலி என்றேன். பொய்க்குப் பொருத்தமாகத் துண்டால் தாடையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரர் பாவப்பட்டு, கிராம்பு வைக்கச் சொன்னார். அவருக்கும் தலையாட்டிவிட்டு விருதுநகரில் இறங்கினேன்.

ஆஸ்பத்திரியில் என் முறை வந்தது. டாக்டரம்மா எழுந்து கதவைச் சாத்தினார். நான் எழுந்து திறந்தேன். அவர் மறுபடியும் சாத்தினார். நான் மறுபடியும் திறந்தேன். மருந்து அறையில் இருக்கும்போது எந்தக் கதவும் மூடியிருக்கக் கூடாது, ஓட வழி வேண்டும் என்பது எங்கள் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறியது. அந்த விபத்துக்குப் பிறகு எனக்கு எந்த அறையும் மருந்து அறைதான்.

"வெளிய ஆளுங்க இருக்காங்க. நீங்க பேசுறது கேக்குமே?" என்றார்.

"கேட்டாக் கேக்கட்டும்மா. கதவ மூடாதீக, மூச்சு முட்டுது."

திறந்த கதவுக்கு நேராக உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். துண்டை அவிழ்த்து முகத்தில் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதேன். நாற்பது வயது ஆம்பளை! டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். இது கிறுக்கு இல்லை, அப்படி ஒன்றைப் பார்த்த யாருக்கும் வரலாம், குணமாகும் என்றார். மாத்திரை எழுதினார். குடியை விடச் சொன்னார். தான் சொல்லும்வரை அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்றார்.

வெளியே வந்தால், எங்கள் கம்பெனிக்கு லோடு ஏற்ற வரும் லாரி டிரைவர் தன் அம்மாவோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் சட்டென்று போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். போச்சுடா! என் பஸ் திருத்தங்கல் தாண்டுவதற்குள் செய்தி புதுப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலை கம்பெனி வாசலில் எல்லோரும் கூடியிருந்தார்கள்.

"என்னலே, பல்லு எப்படி இருக்கு?" என்றார் போர்மேன். ஒரே சிரிப்பு. பின்னாலிருந்து ஒருவன் "கீழ்ப்பாக்கத்துல பல்லு பிடுங்குறாகளா?" என்றான்.

வெட்கத்தில் செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். வந்தது என்னவோ கோபம். சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து உயர்த்திப் பிடித்தேன்.

"இது பல்லுக்கு இல்ல, மனசுக்கு! என் கை நடுங்குது. இந்தா பாருங்க. சிரிக்கிறவுகள்ல ஒருத்தர் வாங்க. இந்தக் கையோட நான் சலிக்கிறேன், நீங்க பக்கத்துல உக்காருங்க. யாரு வாரீக?"

ஒருவரும் வரவில்லை. மச்சினன் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றான்.

அன்றே என்னை பாக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே பெண்கள்தான் அதிகம். "பொம்பள வேலைக்குப் போயிட்டான்" என்று டீக்கடையில் பேசினார்கள். பேசட்டும்! குடித்துவிட்டுச் சாக்கடையில் கிடந்தால் 'பாவம், மனக்கஷ்டம்' என்று இரக்கப்படுகிற ஊர், டாக்டரிடம் போனவனைக் கிறுக்கன் என்கிறது. என்ன நியாயம் இது? மதியம் சாப்பிட்டதும் எல்லோரும் பார்க்கத்தான் மாத்திரையைப் போட்டேன். கை நடுக்கம் நிற்க ஏழு மாதம் ஆனது. திரும்ப மருந்து அறைக்குக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவும் போகலாம் என்றார். இன்னொருவன் உயிரை மறுபடியும் என் கையில் எடுக்க நான்தான் மாட்டேன் என்றேன்.

அப்புறம் ஒவ்வொருவராகத் தனியே வர ஆரம்பித்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூப்பிட்டு, "அந்த டாக்டரம்மா எந்தக் கெழமை இருக்காக?" என்று காதோடு காதாகக் கேட்பார்கள். அன்றைக்குச் சிரித்தவர்களும் அதில் உண்டு. "செவ்வாக்கெழமை, வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிதான் பதில் சொல்வேன்.

போன தை மாதம் என் மகளுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுதாள். அவனும் கூடச் சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஊர் என்னை எந்தப் பேர் சொல்லி வேண்டுமானாலும் கூப்பிடட்டும், என் பிள்ளை உட்கார அந்த மடி இருந்தது, அதற்காக நான் இழந்தது வெட்கம் ஒன்றைத்தான்.